பெங்களூரில் தரை மாற்றப் போகிறீர்களா? கொட்டேஷன் நியாயமானதா என்று பார்ப்பது எப்படி

பெங்களூரில் பழைய ஃபிளாட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது தரையில்தான். நானும் அப்படித்தான் இறங்கினேன். ஒரே வீட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் கொடுத்த கொட்டேஷன்களில் ஒன்று இன்னொன்றைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. குறைத்துச் சொன்னவரை நம்புவதா, கூட்டிச் சொன்னவர் நம்மை வெளியூர்க்காரர் என்று பார்த்து ஏற்றிவிட்டாரா என்று தெரியாமல் நிறைய அலைந்தேன். பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒருவர் சூப்பர் பில்ட்-அப் பரப்புக்கு, அதாவது பொது இடங்களில் நம் பங்கையும் சேர்த்த பரப்புக்கு, விலை போட்டிருந்தார். இன்னொருவர் விலையில் பழைய தரையை உடைக்கும் செலவே இல்லை. வேறு வேறு வேலைக்குச் சொன்ன விலைகளை வைத்துக்கொண்டு ஒப்பிட முடியாது. ஆகவே கொட்டேஷனை எடைபோடும் முன், எல்லோரையும் ஒரே வேலைக்கு விலை சொல்ல வைக்க வேண்டும். அதற்கான வழி இது.

1. பரப்பளவை நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்

யாரையும் கூப்பிடும் முன் செய்ய வேண்டியது இது. பில்டர் பத்திரத்தில் இருக்கும் எண்ணை நம்பி உட்காராதீர்கள். சூப்பர் பில்ட்-அப் பரப்பில் லிஃப்ட், படிக்கட்டு, வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கும். ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி சொல்லும் கார்ப்பெட் ஏரியாவிலும் (வீட்டின் உட்பரப்பு) வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்களின் கனம் சேர்ந்தே வரும். டைல் ஒட்டப்போவது இந்த இரண்டையும்விடக் குறைவான இடத்தில்.

ஐந்து மீட்டர் டேப் ஒன்று, ஒரு தாள், பிடிக்க ஒரு ஆள். அறை அறையாக அளந்து படம் போட்டு எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு இரண்டு படுக்கையறை வீடு: ஹாலும் சாப்பாட்டு இடமும் 11-க்கு 22 அடி, ஒரு படுக்கையறை 11-க்கு 13, இன்னொன்று 10-க்கு 12, சமையலறை 8-க்கு 10, நடைபாதை 4-க்கு 12. மொத்தம் 633 சதுர அடி. இதே வீட்டைப் பத்திரத்தில் 1,200 சதுர அடி என்று எழுதியிருப்பார்கள். குளியலறை, பால்கனி ஆகியவற்றைத் தனியாக எழுதுங்கள். அங்கே டைலும் வேறு, கூலியும் வேறு.

சுவரோடு பதித்த அலமாரிக்கு அடியில் டைல் வருமா, சமையல் மேடைக்கு அடியில் வருமா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இந்த இரண்டிலேயே முப்பது நாற்பது சதுர அடி ஏறும் அல்லது இறங்கும்.

மேஸ்திரி அளக்க வரும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பையன் சுவரோரம் டேப்பின் நுனியைப் பிடித்திருப்பான். 10 அடி 4 அங்குலம் காட்டும். மேஸ்திரி "பத்தரை" என்று சொல்லிக்கொண்டே குறித்துக்கொள்வார். பக்கத்துக்கு இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். நீளம், அகலம் இரண்டிலும் இப்படி ஏறினால் 10-க்கு 12 அறையில் கிட்டத்தட்ட 4 சதுர அடி கூடிவிடும். வீடு முழுக்க ஏறினால் ஒரு பெட்டி டைலுக்கு மேல் ஆகும். சண்டை வேண்டாம், உங்கள் தாளைக் காட்டினால் போதும். அளந்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தவுடன் பேச்சே மாறிவிடும்.

2. மொத்த ரேட் வேண்டாம், பிரித்துக் கேளுங்கள்

"சதுர அடிக்கு இவ்வளவு, எல்லாம் சேர்த்து" என்று ஒரே வரியில் வரும் கொட்டேஷனை அப்படியே திருப்பிக் கொடுங்கள். "அண்ணா, பிரிச்சு எழுதிக் கொடுங்க, வீட்டுல கேக்கறாங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தனித்தனி வரியாக வர வேண்டியவை:

– டைல்: வகை, அளவு, கம்பெனி, சதுர அடி விலை, வரி சேர்த்தா சேர்க்காமலா
– பதிக்கும் கூலி
– சிமெண்ட், எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) அல்லது டைல் அட்ஹெசிவ் (டைல் ஒட்டும் பசை): யார் வாங்குவது, எத்தனை மூட்டை
– ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியோரம் ஓடும் டைல் பட்டி): ரன்னிங் அடிக் கணக்கிலா (நீளத்தை மட்டும் அளப்பது), சதுர அடிக் கணக்கிலா
– பழைய தரையை உடைக்கும் கூலி
– டெப்ரிஸை (உடைத்த குப்பையை) இறக்கி வண்டியில் ஏற்றி வெளியேற்றுவது
– டைல், மணல் ஆகியவற்றை மாடிக்கு ஏற்றும் கூலி
– குரௌட் (டைல் இடுக்குகளை அடைக்கும் கலவை): சிமெண்ட் குரௌட்டா, எப்பாக்சியா
– கதவின் அடியை இழைப்பது, வாசற்படிக் கல், பால்கனிச் சரிவு போன்ற சில்லறை வேலைகள்

இந்தப் பட்டியலையே வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பி, ஒவ்வொரு வரிக்கும் விலை கேளுங்கள். ஒரு வரியை விட்டுவிட்டால் அது சேர்ந்திருக்கிறதா, கிடையாதா என்று எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்லும் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்ற பதில், வேலை பாதியில் நிற்கும்போது "அது எக்ஸ்ட்ரா சார்" என்று மாறி வரும்.

3. டைல் விலையில் பெட்டிக் கணக்கைப் பாருங்கள்

இரண்டுக்கு இரண்டு என்று நாம் சொல்லும் டைலின் உண்மை அளவு 600 மில்லிமீட்டர். அதாவது 23.6 அங்குலம். பெட்டிக்கு நான்கு டைல் வரும். நான்கு நான்கு பதினாறு என்று மனக்கணக்கில் தோன்றும். உண்மையில் ஒரு பெட்டி 1.44 சதுர மீட்டர், 15.5 சதுர அடிதான். 2-க்கு 4 டைலும் பெட்டிக்கு இரண்டு வந்தால் இதே 15.5 தான். சதுர அடி 60 ரூபாய் என்று பேசிவிட்டுப் பெட்டிக்கு 16 சதுர அடி போட்டால், பெட்டிக்கு 30 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். பெட்டியின் மேலேயே சதுர மீட்டர் அச்சிட்டிருக்கும். அதை 10.764 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வகை. "விட்ரிஃபைட்" என்று மட்டும் எழுதினால் போதாது. டபுள் சார்ஜா, ஜி.வி.டி.யா (கிளேஸ்டு விட்ரிஃபைட் டைல்), ஃபுல் பாடியா (முழுக் கனத்துக்கும் ஒரே நிறம் ஓடுவது) என்று எழுத வேண்டும். ஜி.வி.டி.யில் டிசைன் மேல் பூச்சில்தான் இருக்கும். டபுள் சார்ஜில் மேலே சில மில்லிமீட்டர் கனத்துக்கு நிறம் ஓடும். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள ஹாலில் தேய்மானம் தாங்குவது பின்னதுதான். வீட்டுக்குள் சாதாரணப் புழக்கத்துக்கு நல்ல ஜி.வி.டி.யே போதும் என்பது என் கருத்து. பெட்டியில் பிரீமியம், ஸ்டாண்டர்டு, கமர்ஷியல் என்று தரமும் குறித்திருப்பார்கள். பிரீமியம் விலைக்கு ஸ்டாண்டர்டு இறங்குவது இந்தத் தொழிலில் அரிதல்ல, அதனால் தரத்தையும் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள்.

நம் கடைகளில் இருக்கும் டைலில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. பெரிய கம்பெனிப் பெயர் இல்லாத மோர்பி டைல் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் பெரிய கம்பெனி விலையை அதற்குக் கொடுக்கவும் வேண்டாம்.

கடைக்கு முதல் தடவை நீங்கள் மட்டும் போங்கள். மேஸ்திரியையோ இன்டீரியர் ஆளையோ கூட்டிக்கொண்டு போனால் அவருக்கான கமிஷன் உங்கள் விலையில் ஏறியிருக்கலாம். தனியாகப் போய் விலை எழுதி வாங்கிவிட்டு, அப்புறம் தரம் பார்க்க அவரை அழைத்துப் போங்கள். கனகபுரா ரோடு, ஓசூர் ரோடு, பழைய மெட்ராஸ் ரோடு ஆகிய எங்கே போனாலும் இதே முறைதான்.

சேதாரத்துக்கு 5 முதல் 10 சதவீதம் கூட வாங்குவது நியாயம். நேராகப் பதித்தால் 5 முதல் 7 போதும். குறுக்காக டைமண்ட் வடிவில் பதித்தால் 10-ம் அதற்கு மேலும் போகும். 15 சதவீதம் என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். உடைக்காத பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா, எத்தனை நாளுக்குள் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு பேட்ச் வந்தால் பதித்தபின் வெளிச்சத்தில் நிறம் தனியாகத் தெரியும்.

4. உடைப்பும் டெப்ரிஸும்

கொட்டேஷன்கள் எகிறுவதும் ஏமாற்றுவதும் இங்கேதான் அதிகம். பழைய டைலோடு அடிக்கலவையும் சேர்த்து இரண்டரை அங்குலம் பெயர்த்தால் 100 சதுர அடிக்கு 21 கன அடி வரும். உடைந்தபின் அது ஒன்றரை மடங்காக உப்பும். நம் 633 சதுர அடி வீட்டில் ஏறக்குறைய 200 கன அடிக் குப்பை. டிராக்டருக்கு 100 கன அடி என்று வைத்தாலும் இரண்டு லோடு. நான்கு லோடு என்று ஒருவர் எழுதினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு லோடு என்று எழுதினால் இன்னும் கவனமாக இருங்கள், மீதி எங்கே போகும்? ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையிலும் காலி சைட்டிலும் கொட்டிவிட்டுப் போகிறார்கள். மாநகராட்சி பிடித்தால் அபராதம், அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் உங்கள் ஃபிளாட் நம்பர். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

உடைக்காமல் பழைய டைல் மேலேயே புது டைலை அட்ஹெசிவ் வைத்து ஒட்டலாம். இது நல்ல வழி, செலவும் தூசியும் கணிசமாகக் குறையும். 20 கிலோ மூட்டை மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஏறக்குறைய 50 சதுர அடிக்கு வரும், 633-க்கு 13 மூட்டை. மூட்டையின் மேல் ஐ.எஸ். 15477 என்ற தர எண்ணும் எந்த வகை என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பழைய தரையை டைல் டைலாகத் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. பொள்ளலாக ஒலித்தால் அந்த இடத்தைப் பெயர்த்தே ஆக வேண்டும். தரை 12 முதல் 15 மில்லிமீட்டர் உயரும் என்பதால் கதவுகளின் அடியை இழைக்க வேண்டும், தச்சர் கூலி தனி. குளியலறையில் இந்த வழி வேண்டாம்.

5. கூலியும் கலவையும்

கூலி டைலின் அளவோடு ஏறும். 2-க்கு 2 டைலுக்குச் சொல்வதைவிட 2-க்கு 4-க்குக் கூடுதலாகக் கேட்பது நியாயம்தான். பெரிய டைலைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், மட்டம் பிசகினால் விளிம்பு உடனே தெரியும், உடைந்தால் நஷ்டமும் பெரிது. 800-க்கு 1600 மில்லிமீட்டர் டைலுக்கு இன்னும் ஏறும். அந்த அளவைப் பதித்த அனுபவம் உண்டா, பதித்த வீட்டைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். கூலியில் சதுர அடிக்கு ஐந்து ரூபாய் குறைக்க மல்லுக்கட்டுவதைவிட நல்ல கை உள்ள மேஸ்திரியைப் பிடிப்பது முக்கியம். டைல் ஒருமுறை போட்டால் இருபது வருடம் கண்ணில் படும்.

கலவை வாங்கும் பொறுப்பு உங்களுடையது என்றால் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு அங்குலக் கனம், ஒன்றுக்கு ஆறு கலவை (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்) என்றால் 100 சதுர அடிக்கு இரண்டரை மூட்டை சிமெண்ட், 19 கன அடி எம்-சாண்ட். டைலுக்கு அடியில் ஊற்றும் சிமெண்ட் பாலுக்கு இன்னும் கொஞ்சம். 633 சதுர அடிக்கு 18 மூட்டை வரை சரி. 30 மூட்டை எழுதினால் தரை பள்ளமாக இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையிலேயே மட்டம் ஏற்ற வேண்டியிருந்தால் காரணம் சொல்வார்.

ஒரு விஷயம்: கோடையில் வேலை என்றால் தண்ணீர் யார் செலவு என்றும் எழுதிக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது குடிநீரைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் தடை போட்டது. அப்படிப்பட்ட நாளில் டேங்கர் விலை உங்கள் தலையில் விழும்.

6. உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

இந்த விலைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஏரியாவில் கேட்ட விலைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தரை 633 சதுர அடி. நான்கு அங்குல ஸ்கர்ட்டிங் 190 ரன்னிங் அடி என்றால் அது 63 சதுர அடி. மொத்தம் 696. சேதாரம் 7 சதவீதம் சேர்த்தால் 745. பெட்டிக்கு 15.5 என்று 49 பெட்டி. சதுர அடி 60 ரூபாய் வீதம் 45,570, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 53,770 ரூபாய் சுமார்.

பதிக்கும் கூலி 35 வீதம் 22,155. ஸ்கர்ட்டிங் ரன்னிங் அடி 20 வீதம் 3,800. சிமெண்ட் 18 மூட்டை 400 வீதம் 7,200. மணல் 9,000. குரௌட், டைல்களுக்கு நடுவில் இடைவெளிக்கு வைக்கும் ஸ்பேசர் வகையில் 3,000. இதுவரை 98,900. உடைக்கும் கூலி 20 வீதம் 12,660, இரண்டு லோடு டெப்ரிஸ் 10,000, மாடிக்கு ஏற்ற 4,000. எல்லாம் சேர்த்து 1,25,600 ரூபாய் அளவில் வரும்.

கடையில் 60 ரூபாய் என்று பார்த்த டைல் தரையில் கிடக்கும்போது சதுர அடிக்கு 198 ரூபாய் ஆகியிருக்கிறது. முதல் தடவை போடுகிறவர்களுக்கு இது தெரியாததால்தான் 200 என்று நேர்மையாகச் சொல்கிறவரைத் துரத்திவிட்டு 120 என்று சொல்கிறவரிடம் போகிறார்கள்.

உங்கள் கணக்குக்கும் கொட்டேஷனுக்கும் 10, 15 சதவீதம் வித்தியாசம் என்றால் அது நியாயமான கொட்டேஷன். பொருளும் ஆளும் சேர்த்துப் பொறுப்பெடுக்கும் கான்ட்ராக்டருக்கு அந்த அளவு லாபம் இல்லாவிட்டால் அவர் எதற்கு வருவார்? 25 சதவீதத்துக்கு மேல் போனால் எந்த வரியில் ஏறியிருக்கிறது என்று தேடுங்கள். உங்கள் கணக்கைவிட 20 சதவீதம் குறைவாக வந்தாலும் அதே தேடல் வேண்டும். ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கும், இல்லை டைலின் தரம் மாறியிருக்கும்.

7. கிரானைட், மரத்தரை

கிரானைட் என்றால் ஜிகணி பக்கம் போகலாம், தொழிற்சாலைகள் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. ஸ்லாப் முழுவதையும் அளந்து விலை போடுவார்கள், உடைந்த மூலையையும் சேர்த்து. அளக்கும்போது மூலைகளைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கனம் 16 மில்லிமீட்டரா 20-ஆ என்று கொட்டேஷனில் இருக்க வேண்டும். வெட்டுச் சேதாரம் 15, 20 சதவீதம் வரை போகும், விளிம்பு பாலிஷ் ரன்னிங் அடிக்குத் தனி. ஓசூர், கிருஷ்ணகிரியில் நம் ஆட்களிடம் வாங்கிவந்தால் மலிவு என்று சொல்வார்கள். விலை குறையலாம். ஆனால் வண்டி வாடகை, வழியில் உடைவது எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு மாநில எல்லை தாண்டினால் இ-வே பில் (சரக்கை வண்டியில் கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும், அதை விற்பவர்தான் போட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

லேமினேட் மரத்தரைக்கு மூன்று கேள்வி போதும்: கனம் எத்தனை மில்லிமீட்டர், தேய்மான வகை ஏசி3-ஆ ஏசி4-ஆ, அடியில் விரிக்கும் ஃபோமும் வாசலோரப் பட்டியும் விலையில் உண்டா.

8. பில்லும் ஆவணங்களும்

கொட்டேஷன் லெட்டர்ஹெட்டில், தேதியோடு, எத்தனை நாள் செல்லும் என்று எழுதியிருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம், கர்நாடகா என்றால் 29-இல் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் பெயரும் நிலையும் வந்துவிடும். எண்ணே இல்லாத மேஸ்திரி கூலிக்கு 18 சதவீதம் சேர்த்து எழுதினால் கொடுக்க வேண்டியதில்லை. பதிவு செய்யாதவர் வரி வசூலிக்க முடியாது.

"பில் வேண்டாம்னா 18 பர்சென்ட் குறையும்" என்று கடையில் சொல்வார்கள். பில் இல்லாவிட்டால் பேட்ச் மாறி வந்தாலும் விரிசல் வந்தாலும் கேட்க ஆதாரம் கிடையாது. வேண்டாம்.

அசோசியேஷனில் வேலைக்கு அனுமதிக் கடிதம், டெபாசிட், லிஃப்டில் பொருள் ஏற்றலாமா, டெப்ரிஸை எங்கே வைக்கலாம் ஆகியவற்றை முன்பே கேட்டு, அந்த விதிகளின் நகலைக் கான்ட்ராக்டருக்கும் கொடுங்கள். லிஃப்ட் கிடையாது என்றால் ஏற்றுக்கூலி மாறிவிடும், கொட்டேஷனும் மாறிவிடும். ஆட்களின் ஆதார் நகலைக் கேட்கும் அசோசியேஷனும் உண்டு.

9. காலக் கணக்கு

ஒரு மேஸ்திரியும் ஹெல்பரும் சேர்ந்தால் 2-க்கு 2 டைல் ஒரு நாளில் 100 முதல் 150 சதுர அடி போடுவார்கள். நம் உதாரண வீட்டுக்கு உடைப்புக்கு மூன்று நான்கு நாள், பதிக்க ஐந்தாறு நாள், குரௌட்டும் சுத்தமும் இரண்டு நாள். பல அபார்ட்மென்ட்களில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட விடமாட்டார்கள், மாலை ஐந்து, ஆறு மணிக்கு மேல் டிரில்லர் ஓடக் கூடாது. "நாலு நாளில் முடித்துத் தருகிறேன்" என்பவர் அதற்குள் எத்தனை ஆள் இறக்குவார் என்று கேளுங்கள். பதித்த இடத்தில் 24 மணி நேரம் கால் வைக்கக் கூடாது, பீரோ கட்டில் போன்றவற்றை ஒரு வாரம் கழித்து நகர்த்துங்கள்.

தை மாதம் பொங்கலுக்கும், ஊர்த் திருவிழாவுக்கும் தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வடக்கத்தி ஆட்கள் ஹோலிக்கும் தீபாவளிக்கும் போவார்கள். அந்த நாட்களை ஒட்டி வேலை ஆரம்பிக்காதீர்கள், அரைகுறையாக நின்றால் வாடகை வீட்டுக்கு இன்னொரு மாதம் கொடுக்க வேண்டி வரும்.

10. பணம் எப்போது, எவ்வளவு

கூலிக்கு முன்பணம் 10, 20 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். டைலுக்கு நேரடியாகக் கடைக்கே பணம் கட்டுங்கள். உடைப்பு முடிந்து டெப்ரிஸ் வெளியே போனதும் ஒரு பங்கு, பாதித் தரை பதித்ததும் ஒரு பங்கு, முடிந்ததும் மீதி என்று எழுதிக்கொள்ளுங்கள். 10 சதவீதத்தை ஒரு மாதம் பிடித்து வைப்பதற்கு ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும், கடைசியில் சொன்னால் மனக்கசப்பு. யு.பி.ஐ.யில் அனுப்பும்போது எதற்கான பணம் என்று குறிப்பில் எழுதுங்கள்.

கடைசித் தவணைக்கு முன் இருவரும் சேர்ந்து அளவெடுத்து அதன்படி கூலி கணக்கிடுங்கள். நாணயத்தை மறுபடி எடுத்து ஒவ்வொரு டைலின் நான்கு மூலையையும் தட்டுங்கள், பொள்ளலான டைலில் சாக்பீஸால் குறி போடுங்கள். பால்கனியில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, ஓட்டைப் பக்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். குறி போட்ட டைலை மாற்றிக் கொடுத்தபின் பணம்.

பில் இருந்தும் கடையோ கான்ட்ராக்டரோ கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. பிரித்து எழுதிய கொட்டேஷன், கடை பில், யு.பி.ஐ. ரசீதுகள், பெட்டியின் பேட்ச் எண் தெரியும் ஃபோட்டோ ஆகிய நான்கும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். மீந்த டைலில் ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் லாஃப்ட்டில் வையுங்கள், பிளம்பர் எப்போதாவது தரையை உடைத்தால் அதே பேட்ச் வேறெங்கும் கிடைக்காது.